சார்பு

வெள்ளி இரவு. ராயபுரம், மூன்றாம் மாடி.
கீழே ஓவர்லாக் ஓடும் அதிர்வில்
மேஜைமேல் டீ கிளாஸ் மெல்ல நகர்கிறது.
இருநூற்றுப் பன்னிரண்டு வரிசை, ஒன்பது பத்தி:
பெயர், செக்‌ஷன், ஆறு நாள் ஷிப்ட், ரேட்.

மேனேஜர் நாச்சிமுத்து அண்ணன்
பதினாலு வருஷமாக இதை விரலால் செய்தவர்.
கட்டத்துக்குள் போவார், அழிப்பார், மேலேயே எழுதுவார்.
ஒன்றரை ஒன்றாகும்.
முன்பு என்ன இருந்தது என்று
எக்செல்லுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

நான் அட்டவணையைத் தொடுவதில்லை.
வந்தது வந்தபடி கிடக்கும்.
அதிலிருந்து இன்னொன்று பிறக்கும்,
அதிலிருந்து இன்னொன்று.
நூல் துணியானால் நூல் தீர்ந்தது;
இங்கே துணியும் உண்டு,
கோனும் பிரிக்காமல் ராக்கில் உண்டு.
"எடம் அடைக்குமேம்மா" என்கிறார் அண்ணன்.

ஒரு சின்ன சார்பு எழுதினேன்.
ஷிப்டை வாங்கும், ரேட்டை வாங்கும்,
கூலியைத் தரும்.
மணி பார்க்காது,
யாருடைய வரிசை என்று எட்டிப் பார்க்காது,
போகும்போது எதையும் இடம் மாற்றி வைக்காது.
நேற்றுக் கேட்டாலும்
தீபாவளிக்கு முந்தின நாள் கேட்டாலும்
ஒன்றரைக்கு ஒரே பதில்.
கணக்குப் புத்தகத்தில் இதற்குப் போய்
சார்பு என்று பெயர் வைத்தது யாரோ,
எவர் சார்பும் இல்லாத இப்படி ஒன்றை
இந்தக் கட்டடத்தில் நான் பார்த்ததில்லை.

"வரிசை வரிசையா நீ போகலையா?"
"போகலைங்கண்ணா. என்ன பண்ணோணும்னு சொன்னேன்.
போறது அது பாடு."

கடைசியில் மடிப்பு.
பேக்கிங்கில் டீசர்ட் மடிப்பதுபோல
கையை உள்ளே, கழுத்தை மேலே,
இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும்
ஒருவர்மேல் ஒருவராய் மடித்து
ஒற்றை எண்ணாக்கிப் பெட்டியில் வைக்க வேண்டியது.

ஓட்டினேன்.
மொத்தக் கூலி: தெரியாது.

புதன் ராத்திரி கரண்ட் போனபோது
ரேகை மிஷினும் அணைந்திருக்கிறது.
பதினோரு கட்டம் வெறுமை.
வெறுமையை ரேட்டால் பெருக்கினாலும் வெறுமை,
அதன்மேல் லட்சங்களைக் கூட்டினாலும் வெறுமை.

"பதினோரு பேத்துக்காவ
கம்பெனி மொத்தத்துக்கும் தெரியாதா?"
"ஆமாங்கண்ணா."
"சைபர் போட்டுரு."
"சைபர்னா வரலைன்னு அர்த்தமுங்கண்ணா.
இது, வந்தாங்களான்னே தெரியலை."
"அப்ப அந்தப் பதினொண்ண வடிகட்டி உட்ரு."

வடிகட்டலாம். ஒரே வரி.
ஆனால் வடிகட்டிக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும்.
கர்சர் சிமிட்டிக்கொண்டே இருந்தது.
வந்தும் வராதவர்கள் என்று வைக்கவா?

கீழே இறங்கினேன்.
பஞ்சுத் தூசியில் டியூப் லைட்டுகள்.
ஃப்ளாட்லாக்கில் செல்லாத்தாள்
மிதியிலிருந்து காலை எடுக்காமல்
ஒரு விரல் நீட்டி, அடுத்ததைப் பாதி மடக்கிக் காட்டினாள்.
செக்கிங் மேஜையில் சுபல் மாஜி
"தேட" என்றான்.
எதைத் தேடச் சொல்கிறான் என்று நின்றேன்.
"ஒடியாவுல ஒண்ணரைங் கண்ணு" என்றாள் செல்லாத்தாள்.

பத்துப் பேர் கிடைத்தார்கள்.
அவர்கள் சொன்னதைத் தனி அட்டவணையில்,
யார் சொன்னது, எத்தனை மணிக்கு என்று எழுதி இணைத்தேன்.
மூலத்தில் அந்தக் கட்டங்கள்
இன்னும் வெறுமையாகத்தான் இருக்கின்றன.
கைமடியில் இருந்த அம்சவேணி
புதனுக்குப் பிறகு வரவில்லை.

மறுபடி ஓட்டினேன்.
தெரியாது.

பொழுது விடிந்தால் சம்பளத்துக்கு வரிசை நிற்கும்.
அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு
அவரே போனை எடுத்தார்.
ஸ்விட்ச் ஆஃப்.
"மொடக்குறிச்சிப் பக்கம்னு யாரோ சொன்னாங்களே,
அவளுக்கு அண்ணன் ஒருத்தன்
டெம்போ ஓட்டறானில்ல?"
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
எண்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்.
டீ கிளாஸ் மேஜை விளிம்புக்கு வந்துவிட்டது.